புழு, ஈரல், சுவாசப்பை: மாத்தளைத் தோட்டங்களின் மருந்து வரலாறு பற்றிய ஒரு நோக்கு

‘பக்கவிளைவு’ என்னுஞ் சொல் தமிழுக்கு அண்மையில் வந்தது. நமது பழைய வைத்திய மரபிலே மருந்தின் குணமும் தோஷமும் சேர்த்தே பேசப்பட்டன. தோஷத்தை எதிர்நோக்கியே பத்தியமும் முறிவும் விதிக்கப்பட்டன. ‘பக்கவிளைவு’ என்று சொல்லும்பொழுதோ, மையமான விளைவு ஒன்று உண்டென்றும், மற்றவை அதன் ஓரத்திலே நிகழ்பவை என்றும் கொள்ளப்படுகின்றது. எது மையம், எது ஓரம் என்பதை முடிவு செய்வது மருந்தன்று. மருந்தைக் கொடுப்பிப்போரின் நோக்கமே. இலக்கியம் பயில்பவன் ஒருவன் மருத்துவ வரலாற்றுள் நுழைவதற்கு இந்தச் சொல்லாராய்ச்சியே வழிவிட்டது எனலாம்.

ஈரல் நோய்க்குக் கொடுக்கப்பட்ட மருந்து சுவாசப்பையை அழற்சியுறச் செய்த வரலாறு ஒன்று யப்பானிலே உண்டு. ‘ஷோ-சைக்கோ-டோ’ என்பது சீன மரபு வழிவந்த ஏழு சரக்குக் கூட்டு. இஞ்சியும் அதிமதுரமும் அதில் அடங்கும். ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுப் பழமையுடைய இக்கூட்டு, நாட்பட்ட ஈரலழற்சிக்கு உகந்ததென யப்பானிய வைத்தியர்களால் பெருவாரியாக எழுதிக் கொடுக்கப்பட்டது. இதனை உட்கொண்டோருட் சிலருக்குச் சுவாசப்பைத் திசுக்களிலே அழற்சி தோன்றுவது 1989ஆம் ஆண்டு முதல் மருத்துவ ஏடுகளிற் பதிவாகத் தொடங்கிற்று. வறட்டு இருமல், காய்ச்சல், மூச்சுத் திணறல் என்பன அதன் குறிகள். ஈரலழற்சி ‘சி’ வகைக்கு வழங்கப்பட்ட இன்டர்ஃபெரோன் ஊசிக்கும் இதே குற்றம் உண்டு. இரண்டையும் ஒருங்கே கொடுத்தல் 1994இல் விலக்கப்பட்டது. 1996 மார்ச்சில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு அவசர எச்சரிக்கை விடுத்தபோது, ஈராண்டுகளுள் 88 பேர் பாதிக்கப்பட்டதும் அவர்களுள் 10 பேர் மாண்டதும் தெரியவந்தன.

இந்நிகழ்ச்சி இருவேறு மயக்கங்களைக் கலைக்கின்றது. மூலிகையாயின் தீங்கில்லை என்பது ஒன்று. சுதேசியப் பற்றுள்ள நம்மவர் பலர் இதிற் சிக்கியுள்ளனர். தீங்கு தற்செயலானது, எங்கும் ஒரே படியாக நிகழ்வது என்பது மற்றையது. யப்பானிலே அந்த 88 பேர் எண்ணப்பட்டமைக்குக் காரணம் அவர்கள் மருந்துண்டபின்னும் தொடர்ந்து கவனிக்கப்பட்டமையாகும். காப்புறுதியும் வைத்தியசாலையும், தீங்கை அறிவிக்குங் கடப்பாடும் அவர்களுக்கு இருந்தன. ஒரு மருந்தின் தீங்கு வெளிப்படுவதற்கு, மருந்துண்டவன் மருந்துண்டபின் என்னவானான் என்று கேட்பதற்கு ஒருவர் வேண்டும். கேட்பாரற்ற இடத்திலே அதே தீங்கு நேர்ந்தால் அது எந்தப் பெயராற் குறிக்கப்பட்டிருக்கும்? இக்கேள்வியோடுதான் நாம் மாத்தளைக்குத் திரும்ப வேண்டியுள்ளது. ஏனெனில், யப்பானிய நிகழ்ச்சிக்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னர், புழுவுக்குக் கொடுத்த மருந்து ஈரலைத் தாக்கிய வரலாறு இம்மாவட்டத்துத் தோட்டங்களோடு தொடர்புடையது.

மலையகத் தமிழரின் வரலாற்றிலே மாத்தளை ஒரு வாசல். தென்னிந்தியாவிலிருந்து படகேறி மன்னார்க் கரையில் இறங்கியோர் அநுராதபுரம், தம்புள்ளை, நாலந்தா வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து மாத்தளையை வந்தடைந்தனர். வடபாதை எனப்பட்ட அவ்வழியிற் பேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வீழ்ந்தோர் பலர். எஞ்சியோர் முதலிற் கண்ட ஊர் மாத்தளை. அங்கு முத்துமாரியம்மன் கோயில் கொண்டதும் இவ்வழிநடையோடு தொடர்புறுத்தியே பேசப்படுகின்றது. மாரி அம்மை நோயின் தெய்வம் என்பதை நினைவிற் கொண்டால், இம்மக்களின் வழிபாட்டு வரலாறே ஒரு நோய் வரலாறுதான் என்பது புலனாகும். பின்னர்க் கோப்பி வீழ்ந்தது. தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் எழுந்தன. 1880இல் புகையிரதப் பாதை மாத்தளையை எட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே வடபாதை மூடப்பட்டது. வந்தவர்களோ தங்கிவிட்டனர்.

அவர்கள் தங்கிய மண்ணிலே கொளுக்கிப்புழு தங்கிற்று. இப்புழுவின் இயல்பை இவ்விடத்துச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். நோயாளியின் மலத்தோடு வெளியேறும் முட்டை, ஈரமும் நிழலும் வெம்மையும் உள்ள மண்ணிற் பொரித்துக் குடம்பியாகின்றது. குளிர்மிக்க நுவரெலியா உயரங்களைவிட, மாத்தளையின் கொக்கோ நிழலும் இறப்பர் நிழலும் அதற்கு வாய்ப்பானவை. வெறுங்காலோடு அம்மண்ணை மிதிப்பவரின் தோலைத் துளைத்துக் குடம்பி உட்புகும். துளைத்த இடத்து அரிப்பைத் தோட்டத்து மக்கள் சேற்றுப்புண்ணோடு சேர்த்தெண்ணினர். குருதியோடு இருதயஞ் சென்று, அங்கிருந்து சுவாசப்பையை அடைந்து, அதன் நுண்ணறைகளைக் கிழித்துக்கொண்டு மூச்சுக்குழலில் ஏறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேர்ந்து, அங்கே கொளுவிக்கொண்டு குருதி குடிக்கும். தோல்வழிப் புகுதலை ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானியர் 1898இல் கெய்ரோவிலே தற்செயலாகக் கண்டறிந்தார். ஆய்வுகூடத்திற் குடம்பி கலந்த நீர் அவர் கையிற் பட்டதே காரணம். ஆக, புழுவே சுவாசப்பை வழியாகத்தான் வருகின்றது. அதன் பயணத்தின்போது இருமலும் இலேசான அழற்சியும் உண்டாதல் உண்டு. உடலுக்குள்ளே உறுப்புகள் தனித்தனி நாடுகளல்ல என்பதை இப்புழு நன்கறியும்.

புழு மிக்கவரிடம் குருதிச்சோகை தோன்றும். முகம் வெளுக்கும், கால் வீங்கும், மேடேற மூச்சு வாங்கும். வயிற்றிலே பிள்ளையைச் சுமந்தபடி கொழுந்துக் கூடையையும் சுமந்த பெண்ணுக்கு இது மரணத்தின் முன்னறிவிப்பாயிற்று. துரைமாருக்கோ இது வேறொன்றாகத் தென்பட்டது. கூலியாள் சோம்பேறி என்பது அவர்களின் நெடுநாளைய முடிவு. 1902இல் ஐக்கிய அமெரிக்காவிலே சார்ள்ஸ் ஸ்ரைல்ஸ் தென்மாநில வறியோரிடம் இப்புழு பரவியிருத்தலை எடுத்துரைத்தபோது, பத்திரிகைகள் அதற்குச் ‘சோம்பற் கிருமி’ எனப் பெயர் சூட்டின. வறுமையின் விளைவுகள் வறியவனின் குணமாகக் கருதப்பட்டிருந்த நிலை மாறி, ஒரு புழுவின் குணமாகக் கருதப்படலாயின. இதிலே ஒரு முன்னேற்றம் உண்டு. அதனை மறுத்தல் நேர்மையன்று. ஆயின், வறுமை என்ற மூன்றாவது காரணம் இரு நிலைகளிலும் கணக்கிற் சேரவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

எண்ணெய் வாணிகத்தாற் பெரும் பொருளீட்டிய றொக்பெல்லரின் நிதி, 1909இல் அமெரிக்கத் தென்மாநிலங்களிலே கொளுக்கிப்புழு ஒழிப்பிற் புகுந்தது. 1913இல் அம்முயற்சி உலகளாவிய ஆணைக்குழுவாக விரிந்தது. இலங்கையிலே அதன் பணி 1916இன் தொடக்கத்தில், ஸ்நோட்கிராஸ் என்னும் வைத்தியரின் பொறுப்பில், மாத்தளைத் தோட்டங்களில் ஆரம்பமாயிற்று. மாத்தளை ஏன்? நோய் மிகுதி ஒரு காரணம். பரிசோதிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரிடம் புழு காணப்பட்டது. இன்னொரு காரணமும் உண்டெனக் கருத இடமிருக்கின்றது. தோட்டம் என்பது பெயர் பதிந்த, எண்ணிக்கைக்குட்பட்ட, லயங்களில் அடைக்கப்பட்ட, விடியற்காலைப் பெரட்டில் வரிசையாய் நிற்கப் பழக்கப்பட்ட மக்கட் கூட்டம். முதலில் யாவரையும் பதிவு செய்தல், மலத்தை நுணுக்குக்காட்டியாற் பரிசோதித்தல், மருந்து கொடுத்தல், மீளப் பரிசோதித்தல் என அமைந்த அவர்களின் ‘தீவிர முறை’க்கு இதைவிட வாய்ப்பான களம் கிடைத்தல் அரிது. கிராமத்துச் சிங்கள விவசாயியை இணங்கவைக்க வேண்டும். தோட்டத்துத் தமிழனைக் கங்காணி அழைத்துவந்தாற் போதும்.

மருந்தைப் பற்றிக் கூறுமுன் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். கூலிகளின் மருத்துவத் தேவைகளுக்கான சட்டம் 1872இலேயே இயற்றப்பட்டுவிட்டது. 1912இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. தோட்ட மக்களின் உடல்நலம் அரசின் நேர்ப் பொறுப்பாக அன்றிப் பெரிதும் தோட்ட உரிமையாளரின் பொறுப்பாக வைக்கப்பட்டதே இச்சட்டங்களின் உயிர்நிலை. இதன் பின்விளைவு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு நீடித்தது. 1926இல் களுத்துறையிலே சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டு, தடுப்பு மருத்துவம் நாட்டின் கிராமங்களுக்குள்ளே பரவியபோதும் தோட்டங்கள் அதன் மதிலுக்கு வெளியிலேயே நின்றன.

முதலிற் கொடுக்கப்பட்ட மருந்து தைமோல். இது வேறொன்றுமன்று, நம்மவரின் ஓம உப்பு. இந்திய மண்ணில் விளைந்த ஓமம் கப்பலேறி ஜெர்மனி சென்று, அங்கே வடித்தெடுக்கப்பட்டு, உப்பாகத் திரும்பி வந்தது. முதலாம் உலகப் போர் மூண்டதும் அவ்வழி அடைபட்டது, விலையும் ஏறிற்று. காலனித்துவ வாணிகத்தின் முழு இலக்கணமும் ஒரு சிட்டிகை ஓம உப்பில் அடங்கியிருந்தது எனலாம். வளர்ந்தவர் ஒருவருக்கு 60 கிரெயின், அதாவது ஏறத்தாழ நான்கு கிராம், பிரித்துக் கொடுக்கப்பட்டது. முன்னும் பின்னும் பேதியுப்பு. நாள் முழுதும் பட்டினி. எண்ணெயும் நெய்யும் மதுவும் ஆகா, அவை தைமோலைக் குருதியிற் கலக்கச் செய்து நஞ்சாக்கும் என்பது விதி.

இவ்விதியைத் தோட்டத்து மக்கள் எவ்வாறு விளங்கிக்கொண்டிருப்பர்? பத்தியம் என்றுதான். பத்தியம் என்னும் கருத்து அவர்களுக்குப் புதியதன்று. ஆயின் பத்தியம் என்பது வெறும் விலக்கன்று. மருந்துண்பவன் வேலையினின்றும் நீங்கியிருத்தல், அவனுக்கென்று தனியே அடுப்பேற்றுதல், அருகிருந்து ஒருவர் கவனித்தல் ஆகியனவும் அதன் பகுதி. வள்ளுவரும் மருந்து அதிகாரத்திலே நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்பவற்றோடு உடனிருந்து பேணுபவனையும் நான்காவது உறுப்பாக எண்ணுகின்றார். (அதே அதிகாரத்தின் வேறொரு குறள் மேடைகளில் ஓயாது முழங்கப்படுகிறது, இந்த நான்காம் உறுப்பை நினைப்பவர் குறைவு.) பகற்பேருக்குக் கூலி பெறும் குடும்பத்திலே அந்த நான்காமவர் யார்? தாய் மலையிலே, தகப்பன் கவ்வாத்திலே, பிள்ளைக்காம்பராவிலே கைக்குழந்தை. தோட்ட மருத்துவத்துக்கு வள்ளுவர் அறியாத ஓர் ஐந்தாம் உறுப்பும் உண்டு: உழைப்பின் உடைமையாளன்.

தைமோலுக்குப் பின் கீனோப்போடியம் எண்ணெய் வந்தது. மலிவானது, வீரியமுள்ளது. ஆயின் தலைச்சுற்றலும் செவிட்டுத்தன்மையும் அளவு மீறின் வலிப்பும் மரணமும் அதனோடு சேர்ந்து வந்தன. அதனை விரைந்து கடந்து நாம் 1921க்கு வருவோம்.

அவ்வாண்டில் மொறிஸ் ஹோல் என்னும் அமெரிக்க விலங்கு மருத்துவ ஆய்வாளர், காபன் நாற்குளோரைட்டு நாய்களின் கொளுக்கிப்புழுவை வியக்கத்தக்கவாறு வெளியேற்றுதலைக் கண்டார். தாமும் மூன்று கனசென்ரிமீற்றர் அருந்திப் பார்த்தார். உடைகளில் எண்ணெய்க்கறை நீக்கவும் தீயணைக்கவும் கைத்தொழில் உலகம் பயன்படுத்திய திரவம் இது. தைமோலைவிட மலிவு, பட்டினி தேவையில்லை, ஒரே வேளையில் முடிந்துவிடும். பெருந்தோட்டத்தின் கணக்குப் புத்தகத்துக்கு இதைவிட உகந்த மருந்தொன்று இருக்கமுடியாது. அடுத்த ஆண்டே இலங்கையில் நிக்கல்ஸ், ஹம்ரன் ஆகியோர் மனிதரிடம் இதனைப் பயன்படுத்திய அநுபவத்தைப் பிரித்தானிய மருத்துவ இதழிலே வெளியிட்டனர். பிஜித் தீவுகளில் லம்பேட் என்பவர் பல்லாயிரவருக்குக் கொடுத்தார். அங்கும் கரும்புத் தோட்டங்களிலே நம்மவர் இருந்தனர் என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை.

ஈரலுக்கு இது கேடு விளைவிக்கும் என்ற ஐயம் தொடக்கத்திலேயே இருந்தது. குளோரபோமின் உறவுப் பொருள் இது. குளோரபோம் ஈரலைக் கெடுத்தல் முன்னரே அறியப்பட்டிருந்தது. ஐயத்தைத் தீர்க்க இலங்கையிற் கைக்கொள்ளப்பட்ட வழிதான் இவ்வரலாற்றிலே மிகவும் நெஞ்சைத் தைப்பது. டொச்சர்ட்டி, பேர்ஜெஸ் என்னும் இருவர், தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட கைதிகளுக்கு இம்மருந்தைக் கொடுத்து, தண்டனை நிறைவேறியபின் அவர்களின் ஈரலை எடுத்துப் பரிசோதித்தனர். ‘ஈரலின்மீது காபன் நாற்குளோரைட்டின் தாக்கம்’ என்ற பொருளிலமைந்த அக்கட்டுரை 1922இல் அதே இதழில் வெளியாயிற்று. தனி வேளை மருந்தினாற் பெருங்கேடு இல்லை, ஈரலிற் கொழுப்பேற்றம் போன்ற மாற்றங்கள் சிலரிடம் ஏற்படலாம் என்பதே இத்தகைய அவதானிப்புகளாற் பெறப்பட்ட கருத்து. நாய், விஞ்ஞானி, தூக்குக் கைதி, கூலித் தொழிலாளி என்பதே மருந்து உடல்களினூடே நகர்ந்த வரிசை. இவர்களுள் விஞ்ஞானி ஒருவருக்கே வேண்டாமென்று சொல்லும் உரிமை உறுதியாக இருந்தது. தூக்குமரத்தடியிற் சம்மதம் என்னுஞ் சொல்லுக்கு யாது பொருள்? ஆய்வாளர்கள் கொடியவர்கள் என்று கூறுதல் எமது நோக்கமன்று. அவர்கள் ஓர் உண்மையான ஐயத்தைத் தீர்க்க முயன்றனர், வெளிப்படையாக எழுதினர். அவர்கள் காலத்து அறநெறி, சில உடல்களை ஏற்கனவே கழித்தெழுதப்பட்டவையாகக் கொண்டிருந்தது என்பதே செய்தி.

1923இல் டொச்சர்ட்டியும் நிக்கல்சும் சேர்ந்து இன்னொரு குறிப்பை வெளியிட்டனர். அது இம்மருந்துச் சிகிச்சையின் பின்னான மூன்று பிரேத பரிசோதனைகள் பற்றியது. மருந்தை ஆதரித்தவர்களே இதையும் அச்சேற்றினர் என்பதைக் குறிப்பிடுதல் நியாயம். எனினும் மருந்து நிறுத்தப்படவில்லை. இலட்சக்கணக்கானோரில் மிகச் சிலருக்கே கேடு என்ற விகிதக் கணக்கு அதனைக் காத்தது. விகிதம் பொய்யன்று. ஆனால் அது எங்ஙனம் பெறப்பட்டது? மருந்து கொடுத்தபின் மீளப் பரிசோதிக்கப்பட்டது மலம், எண்ணப்பட்டது புழு. வெளியேறிய புழு எத்தனை, எஞ்சிய முட்டை எத்தனை என்பதை நுணுகி எண்ணுவதற்கு அக்காலத்திலே அழகிய முறைகள் வகுக்கப்பட்டன. ஈரலை எண்ணும் முறை எதுவும் லயத்துக்கு வரவில்லை. மருந்துண்டு ஒரு வாரத்தின்பின் கண் மஞ்சளித்து, சிறுநீர் அற்று, மூச்சு முட்டி ஒருவன் இறந்தால், அந்த மரணம் காமாலை என்றோ வீக்கம் என்றோ நிமோனியா என்றோ பதிவாகும் வாய்ப்பே மிகுதி.

மூச்சு முட்டுதல் இங்கு அலங்காரத்துக்குக் கூறப்பட்டதன்று. இந்நஞ்சு ஈரலை மட்டுமே தாக்குவதென்று நெடுங்காலம் பேசப்பட்டது. பின்னர்த்தான் சிறுநீரகமும் அதன் இலக்கென்பது தெளிவாயிற்று. சிறுநீரகம் செயலிழந்தபின் உடலில் நீர் தேங்கிச் சுவாசப்பையிலே கோத்துக்கொள்ளும். இந்நஞ்சினால் இறந்தோர் பலரிடம் இது காணப்பட்டது. ஆக, சுவாசப்பை வழியே வந்த புழுவை அகற்றப் போன மருந்து, ஈரலைச் சுட்டு, மீண்டும் சுவாசப்பையிலே வந்து முடிந்தது. நஞ்சு வேலை செய்யும் முறையும் இன்று நன்கு அறியப்பட்டுள்ளது. காபன் நாற்குளோரைட்டு தானாக ஈரலைக் கொல்வதில்லை. ஈரலிலுள்ள நொதியங்கள் அதனை உடைக்கும்போது தோன்றும் சுயாதீன மூலிகங்களே கலங்களின் கொழுப்புச் சவ்வுகளை அழிக்கின்றன. மதுசாரம் தொடர்ந்து அருந்துபவனிடம் அந்நொதியங்கள் பெருகியிருக்கும். ஆகவே நஞ்சும் பெருகும். இதன் காரணம் 1920களில் தெரியாவிடினும், குடிப்பவர்களே அதிகம் மாள்கின்றனர் என்பது அப்போதே கண்டறியப்பட்டது. ஒன்றரைக் கனசென்ரிமீற்றரே உயிர் குடித்ததுண்டு. இன்னொரு கண்டுபிடிப்பு இதனினும் முக்கியமானது. அமெரிக்காவின் வண்டர்பில்ற் பல்கலைக்கழகத்திலே லாம்சன், மினொட் முதலியோர் நடத்திய நாய்ப் பரிசோதனைகள், உணவிற் கல்சியம் குறைந்த விலங்குகளை இம்மருந்து எளிதிற் கொல்லும் என்பதையும் கல்சியம் ஊட்டினால் அவை தப்பும் என்பதையும் காட்டின.

இவ்விரண்டையும் மாத்தளை லயத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். தோட்டத்து ஆணின் மாலைப்பொழுதைக் கள்ளும் சாராயமும் ஆண்டன. சாராயக் குத்தகை அரசாங்க வருமானத்தின் தூண்களுள் ஒன்றாக இருந்தது. உணவோ, முற்பணக் கணக்கிற் பெற்ற அரிசி. பாலும் மீனும் அரிதாகக் கிடைப்பவை. தங்கள் பற்றுச்சீட்டையே விலங்காக்கிய ‘துண்டு’ முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோதும் கடன் ஒழியவில்லை. இந்த உடலிலேதான் அந்தத் திரவம் ஊற்றப்பட்டது. ஆகவே நஞ்சின் ஒரு பகுதி போத்தலில் இருந்தது. மறுபகுதி கூலிச் சீட்டிலும் சாராயக் கடையிலும் இருந்தது. மருந்தியல் நூல்கள் முதற்பகுதியை மட்டுமே பக்கவிளைவென்று எழுதும்.

1925இல் அதே ஹோல், ஷிலிங்கர் என்பவருடன் சேர்ந்து, நாற்குளோரோஎதிலீன் என்னும் பாதுகாப்பான மாற்றை அறிமுகம் செய்தார். காலப்போக்கில் அதுவே நிலைத்து, பல தசாப்தங்களுக்குப் பயன்பட்டது. கேடு கண்டறியப்பட்டு மருந்து மாற்றப்பட்டதை விஞ்ஞானத்தின் வெற்றி என்பர், ஒப்புக்கொள்ளலாம். ஆயின் நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. ஒரே தொழிலாளிக்கு இம்மருந்துகள் ஏன் மீண்டும் மீண்டும் தேவைப்பட்டன? மலசலகூடம் இல்லாமையே விடை. குடலிலிருந்து அகற்றிய புழு, சில மாதங்களிலே அதே மண்ணிலிருந்து அதே காலின் வழியாகத் திரும்பிவந்தது. றொக்பெல்லர் வைத்தியர்கள் இதனை அறியாதவரல்லர். மலசலகூடமின்றிச் சிகிச்சை வீண் என அவர்களே வற்புறுத்தினர். தோட்ட உரிமையாளர் பலர் செலவை எண்ணித் தயங்கினர். கட்டினாலும் கூலிகள் பயன்படுத்தார் என்றனர். ஒரு லயத்துக்கு ஒன்றோ இரண்டோ குழிகளைத் தோண்டி, நீரின்றி, விளக்கின்றி விட்டால் யார்தான் பயன்படுத்துவர்? மருந்து ஆளுக்குச் சில சதம். மலசலகூடம் மூலதனச் செலவு. மருந்தின் கேடு தொழிலாளியின் உடலில் வீழ்கின்றது. மலசலகூடத்தின் செலவு கம்பனியின் இலாபப் பங்கில் வீழ்கின்றது. எது தெரிந்தெடுக்கப்படும் என்பதை அறியப் பொருளியற் பேரறிவு வேண்டியதில்லை. புழு இந்தியாவிலிருந்து கூலிகள் கொண்டுவந்தது என்ற வாதமும் இதற்குத் துணைநின்றது. கடல் கடக்குமுன்னரே மண்டபம் முகாமிற் புழுமருந்து கொடுக்கும் ஏற்பாடு பின்னாளில் வந்தது. அங்கே சுத்திகரிக்கப்பட்டவன் இங்கே மீண்டும் புழுவேற்றான்.

இந்த இயக்கத்தினால் நன்மையே இல்லை என்று கூறும் ‘தீவிரம்’ நம்மிடையே சிலருக்கு உண்டு. அது மார்க்சியமன்று. புழு அகன்றவனின் குருதி தேறியது; சாகவிருந்த தாய்மார் பலர் பிழைத்தனர். எங்கெல்ஸ் 1845இல் இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலையை எழுதியபோது வைத்தியர்களின் அறிக்கைகளையே பெரிதும் துணைக்கொண்டார்; ஆளும் வர்க்கத்தின் ஆவணங்களிலே உண்மை இல்லையென்று அவர் ஒதுக்கவில்லை. நாமும் அவ்வறிக்கைகளைப் படிக்கத்தான் வேண்டும்.

ஆயின் இலக்கியமாணவன் ஒருவனுக்கு மற்றொரு குறை தென்படுகின்றது. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இலங்கைத் தோட்டத்து நோயை எழுதிற்று. அதிலே நோய் ஒழுக்கச் சீரழிவின் வழியாக வருகின்றது. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்தின் வியர்வையையும் மண்ணில் மறைந்தோரையும் எழுதினார். பி. எச். டேனியல் என்னும் தோட்ட வைத்தியர் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழுக்கு வந்த நாவல் தென்னிந்தியத் தேயிலைத் தோட்டங்களின் நோயையும் வைத்தியத்தின் வஞ்சனையையும் உள்ளிருந்து காட்டிற்று. இவற்றிலே நோய் உண்டு, மருந்தின்மையும் உண்டு. மருந்தே நோயாகும் நிலை மலையக எழுத்திலே போதிய அளவு பொருளாகவில்லை. இதற்கு ஒரு காரணம், மருந்து கிடையாமையே பெருந்துயராக இருந்த சமூகத்திலே மருந்தைக் குறைகூறுதல் ஆடம்பரமாகத் தோன்றியமையாகலாம். ‘துரைமருந்து’க்குத் தாய்மார் பிள்ளைகளை ஒளித்தால் அதனை அறியாமை என்று எழுதிச்செல்வது நமக்கும் எளிதாயிருந்தது. அந்த அச்சத்துக்குள்ளே ஓர் அநுபவ அறிவு இருந்திருக்கலாம் என எண்ணிப் பார்த்தவர் சிலரே.

மாத்தளையின் கதை தனித்ததன்று என்பதற்கு எகிப்தைச் சுட்டலாம். நைல் நதிப் பாசனக் கால்வாய்களில் நின்று உழைத்த விவசாயிகளைத் தாக்கிய நத்தைவழி ஒட்டுண்ணி நோய்க்கு, 1950கள் முதல் 1980களின் தொடக்கம்வரை அரசாங்கமே ஊர்தோறும் அன்ரிமனி ஊசியேற்றியது. ஊசிகள் சரிவரக் கொதிக்கவைக்கப்படாது பலருக்குப் பயன்பட்டன. அவ்வழியே, அப்போது பெயரில்லாதிருந்த வைரசு ஒன்று கிராமங்களிற் பரவிற்று. 1989இல் அது ஈரலழற்சி ‘சி’ எனப் பெயர்பெற்றது. உலகிலே அந்நோய் மிகுந்த நாடாக எகிப்து ஆனமைக்கு அந்த ஊசி இயக்கமே பெருங்காரணம் என 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர் காட்டினர். அந்த ஈரல்நோய்க்கு நெடுங்காலம் வழங்கப்பட்டது இன்டர்ஃபெரோன் ஊசி. அது சிலரிடம் சுவாசப்பையை அழற்சியுறச் செய்யும் என்பதை மேலே கண்டோம். ஒட்டுண்ணிக்கு மருந்து, மருந்தால் ஈரல்நோய், ஈரல்நோய்க்கு மருந்து, மருந்தால் சுவாசப்பை அழற்சி. நீரில் நின்று உழைத்தவனுக்குக் காலணியும் கழிப்பிடமும் நல்ல நீரும் கொடுப்பது தவிர்ந்த ஏனைய யாவும் செய்யப்பட்டன.

இன்று கொளுக்கிப்புழுவுக்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே மாத்திரையாய்க் கொடுக்கப்படுகிறது. தனி வேளையில் அது பெரும்பாலும் தீங்கற்றது. தைமோலையும் காபன் நாற்குளோரைட்டையும் அருந்தியவர்களுக்கு இது கிட்டியிருப்பின் எவ்வளவோ நன்று.

ஸ்நோட்கிராசும் அவர் பின்வந்தோரும் மாத்தளையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் அனுப்பிய அறிக்கைகள் நியூயோர்க் மாநிலத்திலே, றொக்பெல்லர் ஆவணக் காப்பகத்திற் பேணப்படுகின்றன. அங்கு செல்லக்கூடியவர் படிக்கலாம். தோட்டங்களின் செக்றோல் ஏடுகளும் வைத்தியசாலைப் பதிவேடுகளும் 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும் 1990களில் மீண்டும் கம்பனிகளிடம் சென்றபோதும் கைமாறியவை. எஞ்சியவை கறையானுக்கும் கழிவுத்தாள் வியாபாரிக்கும் இரையாகக்கூடியவை. ஒரு தோட்டத்திலே மருந்து கொடுத்த நாளையும், அதற்கடுத்த இரண்டு வாரங்களில் ‘பேர்’ விழாத பெயர்களையும், மரணப் பதிவையும் பக்கத்தில் வைத்து ஒப்புநோக்கினால், அறிக்கைகள் எண்ணாமல் விட்டது எத்தனை என்பதை ஓரளவேனும் அறியமுடியும். மாத்தளை, இறத்தோட்டை, உக்குவளைப் பகுதிகளிலிருந்து பல்கலைக்கழகம் வரும் மாணவர்கள் இவ்வேலையைத் தத்தம் தோட்டத்து ஆபீஸ் அலமாரியிலிருந்தே தொடங்கலாம்.